மாணவர் எழுதிய டிசிபி ஏன் உடனே அறுந்துபோகிறது?

கேள்வி: பொறியியல் கல்லூரியில் நெட்வொர்க் ஆய்வகத்துக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். மாணவர்கள் ரா சாக்கெட் (பாக்கெட்டை நிரலே முழுதாக அமைத்து அனுப்பும் வழி) மூலம் தாங்களே டிசிபி (தரவு தொலையாமல் வரிசையாகச் சேர்வதை உறுதிசெய்யும் இணைய நெறிமுறை) இணைப்பு ஏற்படுத்த முயன்றால், எதிர்முனையின் பதில் வந்ததுமே இணைப்பு அறுந்துவிடுகிறது. தனி நெட்வொர்க் கார்டு கொண்ட ஆய்வகத் தொகுப்பை வாங்காமல் தீராது என்கிறார் விற்பனையாளர். உண்மையா?

பதில்: உண்மையில்லை; மாணவர்களின் நிரலிலும் பெரும்பாலும் பிழை இராது. அவர்கள் அனுப்பிய சின் பாக்கெட்டைப் (இணைப்பைத் தொடங்கக் கேட்கும் முதல் பாக்கெட்) பற்றி லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு எதுவும் தெரியாது என்பதால், அதற்குரிய பதில் வந்ததும், தான் தொடங்காத இணைப்பு என்று கருதி, விதிப்படியே ரீசெட் (இணைப்பை முறிக்கும் பாக்கெட்) அனுப்பி முடித்துவிடுகிறது. அந்த ரீசெட்டை ஃபயர்வாலில் தடுக்கலாம் என்பார்கள். ஆனால் ஒரே முகவரியில் கெர்னலுடையதும் மாணவருடையதுமாக இரண்டு டிசிபி குடியிருப்பது, கற்கிறவருக்குக் குழப்பத்தையே தரும்.

லினக்ஸிலேயே உள்ள டன் (TUN) சாதனத்தை, அதாவது மென்பொருளாலேயே ஆன நெட்வொர்க் கார்டைப் பயன்படுத்துங்கள். கெர்னல் பக்கத்துக்கு 10.0.0.1 என்ற முகவரியைக் கொடுத்து, 10.0.0.2 என்பதை மாணவரின் நிரலுக்கு விட்டுவிட்டால், அந்த முகவரிக்கு வரும் பாக்கெட்டுகளைக் கோப்பைப் படிப்பது போலவே நிரல் படித்துக்கொள்ளும். முகவரி தன்னுடையது அல்ல என்பதால் கெர்னல் தலையிடாது. சாதனத்தை மாணவரின் பயனர் பெயருக்கு நிர்வாகி ஒருமுறை உருவாக்கித் தந்தால் போதும், அதன்பின் ரூட் அனுமதி வேண்டாம். (அந்த ஒரு கட்டளைக்கு மூன்று கையொப்பம் கேட்கும் கல்லூரிகளை நான் அறிவேன்.)

படித்த தரவின் முதல் பைட், ஐபி பாக்கெட்டின் வழக்கமான தொடக்கமான ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 45 ஆக இல்லாமல் பூஜ்யமாக இருந்தால் பதற வேண்டாம். சாதனத்தைத் திறக்கையில் உரிய கொடியை (IFF_NO_PI என்ற அமைப்பு) இடாததால் முன்னால் நான்கு பைட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். டன்னுக்குப் பதிலாக டாப் (TAP) சாதனத்தை, அதாவது ஐபி பாக்கெட்டுக்குப் பதில் மேக் முகவரியுள்ள ஈதர்நெட் ஃபிரேம்களைத் தரும் அதன் உடன்பிறப்பை எடுத்து, அதை மடிக்கணினியின் வைஃபையுடன் பிரிட்ஜ் செய்ய (ஒரே நெட்வொர்க்காக இணைக்க) முயலாதீர்கள். தன்னிடம் பதிவு செய்துகொண்ட மேக் முகவரியிலிருந்து (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வரும் ஃபிரேம்களை மட்டுமே வைஃபை அணுகுபுள்ளி ஏற்கும். மாணவரின் நிரல் வைத்திருக்கும் வேறு மேக் முகவரி அங்கே செல்லாது. கம்பி இணைப்பில் சரியாக ஓடியது வைஃபையில் ஓடவில்லை என்று ஒரு பருவமே வீணாவது இதனால்தான். வெளி உலகைத் தொட வேண்டுமானால் டன்னிலேயே இருந்து, கெர்னலை முகவரி மாற்றித் தரச் (நாட், NAT) சொல்லுங்கள்.

விற்பனையாளர் காட்டும் கார்டுகள் நொடிக்குப் பல கிகாபிட் கடத்துவோருக்கானவை. உங்கள் மாணவர் கடத்தப்போவது நொடிக்குப் பத்துப் பாக்கெட். ஸ்டான்ஃபோர்டின் சிஎஸ்144 பாடத்தில் மாணவர்கள் சி++ மொழியில் டிசிபி எழுதி, டன் வழியாகத்தான் இணையத்துடன் பேசுகிறார்கள். பாடத்துக்கு டிசிபியை வரையறுத்த 1981 ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி (இணையத் தர ஆவணம்) 793ஐ விட்டு, அதற்கு மாற்றாக 2022இல் வந்த 9293ஐக் கொடுங்கள்.

ப்ராஜெக்ட் சென்டரில் (மாணவர்களுக்குத் திட்டப்பணி செய்து விற்கும் கடை) விலைக்கு வாங்கிய நிரலைப் பற்றிய கவலை இருந்தால், மதிப்பீட்டு நாளில் டன் சாதனத்தின் மீது நெட்எம் (நெட்வொர்க் கோளாறுகளைப் போலியாக உண்டாக்கும் லினக்ஸ் வசதி) கொண்டு ஐந்து விழுக்காடு பாக்கெட்டுகளைத் தொலைத்துவிட்டு, எந்தப் பாக்கெட் ஏன் மீண்டும் அனுப்பப்பட்டது என்று, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளின் திரையில் மாணவரையே காட்டச் சொல்லுங்கள்.