பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லேபிள் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

வீட்டிலேயே பழம் பிழிந்து, சர்க்கரை போடாமல்தான் குடிக்கிறோம். இது இயற்கை உணவுதானே?

இல்லை. ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று நான்கு பழம் போகிறது. நான்கையும் உரித்து, மென்று தின்றுபாருங்கள். இரண்டாவதிலேயே போதும் என்றாகிவிடும். சாறாக்கினால் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடும். சக்கை குப்பைக்கு, சர்க்கரை வயிற்றுக்கு. பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் நாம் அள்ளிப் போடும் சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம் ஒரே கணக்கில்தான் சேர்க்கிறது. பழத்தைப் பழமாகவே தின்னுங்கள்.

‘இ’ எண் போட்ட எதையும் வாங்கக் கூடாது என்கிறார்களே?

உணவில் சேர்க்கும் பொருள்களுக்குக் கொடுத்த அடையாள எண்தான் ‘இ’ எண். இ-300 என்பது வைட்டமின் சி. இ-330 எலுமிச்சையில் இருக்கும் அதே சிட்ரிக் அமிலம். இ-322 லெசித்தின், முட்டையின் மஞ்சள் கருவிலும் அது உண்டு. இவற்றைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதே வரிசையில்தான் இ-171, அதாவது டைட்டானியம் டை ஆக்சைடும் இருந்தது. மிட்டாய்க்கு வெள்ளை நிறம் தருவதற்காகப் பல ஆண்டுகள் சேர்த்தார்கள். இனி இதைப் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் சொன்னது. அடுத்த ஆண்டே அங்கே தடை வந்தது. எண் வெறும் அடையாளம்தான். அது எந்தப் பொருளைக் குறிக்கிறது, எதற்காகச் சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நிறத்துக்காகவும் வாசனைக்காகவும் மட்டுமே சேர்த்தவை நிறைய இருந்தால், அந்தப் பொருளை தினமும் தின்ன வேண்டாம்.

உறையவைத்த காய்கறி கெடுதலா?

இல்லை. பறித்த சில மணி நேரத்தில் உறையவைத்த பட்டாணி, ஒரு வாரம் வாடிக் கிடந்த பட்டாணியைவிட மேல். உப்போ சாஸோ சேர்க்காததாக வாங்குங்கள்.

ஒரு காலை உணவு டப்பாவின் படம் அனுப்பியிருக்கிறேன். என் பையன் தினமும் இதைத்தான் சாப்பிடுகிறான். நல்லதா?

நீங்கள் அனுப்பியது டப்பாவின் முன்பக்கம். கோதுமைக் கதிர், தேன் சொட்டு, ‘முழுத் தானியம்’, ‘இயற்கையான சுவை’ என்ற எழுத்து, அவ்வளவுதான் தெரிகிறது. அது விளம்பரம். இதைப் பார்த்து நானும் சொல்ல முடியாது, வேறு யாரும் சொல்ல முடியாது. இந்த மாதம் மட்டும் இப்படிப் பதினோரு முன்பக்கப் படங்கள் வந்திருக்கின்றன. எத்தனை முறை சொல்வது? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

திருப்பியதும் முதலில் சேர்மானப் பட்டியல். எடையில் அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது விதி. அந்த விதிக்குள்ளேயே ஒரு தந்திரம் இருக்கிறது. ஓட்ஸ் 35 பங்கு, சர்க்கரை 15, குளுக்கோஸ் சிரப் 12, தேன் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் ஓட்ஸ்தான் முதலில் நிற்கும். இனிப்பு மூன்றையும் கூட்டினால் 37. உண்மையில் முதலிடம் அதற்குத்தான். டெக்ஸ்ட்ரோஸ், மால்டோஸ், பழச்சாறு கான்சென்ட்ரேட் என்று எந்தப் பெயரில் வந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

அடுத்தது ஊட்டச்சத்து அட்டவணையில் ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற பத்தி. என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான். ஒரு தாய் மகனுடைய கிண்ணத்தையும் டப்பாவையும் என்னிடம் எடுத்து வந்தார். வீட்டில் போடுவது போலவே போடச் சொல்லி, தராசில் வைத்தேன். 65 கிராம் இருந்தது. டப்பாவில் ஒரு பரிமாறல் 30 கிராம், அதில் சர்க்கரை 9 கிராம் என்று போட்டிருந்தது. ஒன்பதுதானே என்று அவர் நிம்மதியாக இருந்திருக்கிறார். பையன் சாப்பிட்டதோ கிட்டத்தட்ட 20 கிராம், அதாவது ஐந்து ஸ்பூன் சர்க்கரை, பள்ளிக்குக் கிளம்பும் முன்பே. 2,000 கலோரி சாப்பிடும் பெரியவர்களே நாளுக்கு 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவனுக்கு வயது ஏழு. அந்த அம்மா கவனமில்லாதவர் அல்ல. அவரை நம்பவைத்தது அந்த 30 என்ற எண்.

அதனால் ‘100 கிராமுக்கு’ என்ற பத்தியை மட்டும் பாருங்கள். சர்க்கரை 5 கிராமுக்குள் இருந்தால் குறைவு, 22-ஐத் தாண்டினால் அதிகம். பிரிட்டனில் பாக்கெட் மேல் குறைவுக்குப் பச்சை, அதிகத்துக்குச் சிவப்பு நிறம் போடுவது ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான். உப்பு 0.3-க்குள் குறைவு, 1.5-க்கு மேல் அதிகம்.

‘இயற்கை’ என்ற சொல்லுக்கும் இதே எச்சரிக்கை. இறைச்சி கெடாமலிருக்கச் சேர்க்கும் உப்பு வகை நைட்ரைட். அதைச் சேர்க்கவில்லை என்று போட்ட பதப்படுத்திய இறைச்சியைத் திருப்பிப் பார்த்தால், சில சமயம் செலரி என்ற கீரையின் பொடி இருக்கும். அந்தப் பொடியில் நைட்ரேட் நிறைய. அதிலிருந்து வருவதும் அதே நைட்ரைட்தான். உங்கள் டப்பாவின் பின்பக்கப் படத்தை அனுப்புங்கள். பிறகு பேசுவோம்.

பிரவுன் பிரெட் நல்லதுதானே?

நிறம் கேரமலாலும் வரும். முதல் சேர்மானம் முழுக் கோதுமை மாவா என்று திருப்பிப் பாருங்கள்.

கலோரி ஒன்றுதான் என்றால், பாக்கெட் உணவா வீட்டு உணவா என்பதில் என்ன இருக்கிறது?

2019-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் இதைச் சோதித்தார்கள். 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளுக்கு 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், சராசரியாக ஏறக்குறைய ஒரு கிலோ எடை ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. வேகமாக உள்ளே போகும் உணவில், வயிறு நிறைந்தது தெரிவதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது.

அயோடின் உப்பு செயற்கை என்று, கல்லாக வெட்டியெடுக்கும் உப்புக்கு மாறிவிட்டோம். மனைவி கர்ப்பமாக இருக்கிறார்.

தயவுசெய்து இன்றே அயோடின் உப்புக்குத் திரும்புங்கள். வெட்டியெடுக்கும் அந்த உப்பை நம்பி அயோடினை விடுவது இந்த நேரத்தில் ஆபத்து. கர்ப்பிணிக்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். அது குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். எந்த உப்பானாலும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். வெளியிலிருந்து சேர்த்த பொருள் என்பதற்காகவே ஒன்றை ஒதுக்காதீர்கள்.

சமைக்காமல் சாப்பிடும் முறைக்கு மாறியிருக்கிறேன். ஊறவைத்த ராஜ்மாவைப் பச்சையாகத் தின்னலாமா?

கூடவே கூடாது. பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நஞ்சு இருக்கிறது. நான்கைந்து கொட்டையே வாந்தி எடுக்கவைக்கும். அரைவேக்காடும் ஆகாது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள்.

மூன்று மாதமாக பாக்கெட் உணவைத் தொடவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டேன். சரிதானே?

பாக்கெட்டை விட்டது மிக நல்லது. மாத்திரையை நிறுத்தியது தவறு. மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அளவை மாற்றக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். உணவு மாறியிருப்பதால் மாத்திரையைக் குறைக்க வேண்டியும் வரலாம், ஆனால் அதை ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும். நாளையே போய்ப் பாருங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் எடுத்துவிடுங்கள்.