இரண்டாவது மடிப்பு மட்டும் கோணலாக வந்தால்

வணக்கங்க. பக்கிள் மெஷினில் (ரோலரும் பிளேட்டும் வைத்துத் தாள் மடிக்கும் இயந்திரம்) 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளை மூன்றாக மடிக்கும்போது முதல் மடிப்பு நேராகவும் இரண்டாவது கோணலாகவும் வருகிறது என்றீர்கள். அப்படியானால் தாளை உள்ளே செலுத்தும் ஃபீடரைத் தொடாதீர்கள், முதல் மடிப்பே அதற்குச் சாட்சி. மெயினை அணைத்துவிட்டு, ரோலர்களில் ஒட்டிய மை, பவுடரைத் துடையுங்கள். அப்புறம் ரோலர் இடைவெளி. அதே தாளில் பட்டைகள் வெட்டி, முதல் ஜோடிக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு மூன்று அடுக்காக இரு ஓரத்திலும் வைத்து இழுங்கள். இரண்டு பக்கமும் ஒரே இறுக்கம் வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் கோளாறு இருக்கும். அதன்பிறகும் கோணல் என்றால் இரண்டாவது மடிப்பு பிளேட்டுக்குள் தாள் முட்டி நிற்கும் ஸ்டாப்பரின் சாய்வைத் துளித்துளியாகத் திருப்புங்கள், ஒவ்வொரு முறையும் பத்துத் தாள் ஓட்டிப் பாருங்கள். திருப்பூர் லேபிள் அட்டை, கரூர் புகளூர் மில் தாள் என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் தாள் மாறும்போதெல்லாம் பட்டை வைத்தே ஆகணும்.