லண்டனில் ஹெலிக்ஸ் (மேல்காது மடலின் ஓரம்) குத்தப்போகிறேன். மாலில் கன் (காது குத்தும் துப்பாக்கி) வைத்துக் குத்தினால் போதுமா, ஊசிதான் வேண்டுமா? கட்டி வராமல் இருக்க என்ன செய்வது?

மேல்காதுக்கு ஊசிதான். கன் குருத்தெலும்பை நொறுக்கிவிடும் என்று பலர் சொல்வார்கள்; அந்தக் காரணம் அவ்வளவு வலுவானதில்லை. உண்மையான சிக்கல் சுத்தமும் தோட்டின் நீளமும். பிளாஸ்டிக் கன்னை ஆட்டோகிளேவில் (கிருமிகளைக் கொல்லும் கருவி), 121 டிகிரி நீராவியில் வைக்க முடியாது. துடைத்துவிட்டு அடுத்த காதுக்குப் போவார்கள். அதில் வரும் தோடும் குட்டை. காது வீங்கினால் இடமிருக்காது. பின்னால் மாட்டும் பிடியில் அழுக்கு சேரும்.

குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது, மேலே போர்த்திய சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம். கிருமி புகுந்தால் உடம்பு எதிர்க்கத் திணறும். 2000இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஒரு நகைக் கடையில் மேல்காது குத்திக்கொண்ட 7 பேருக்கு சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று உறுதியானது. சிலருக்குக் காதின் வடிவமே கெட்டுப்போனது. கிருமி இருந்தது எங்கே தெரியுமா? கிருமிநாசினி தெளிக்கும் பாட்டிலில்.

ஸ்டுடியோவில், ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். ஆட்டோகிளேவ் கிருமிகளை உண்மையிலேயே கொல்கிறதா என்று பார்க்கும் ஸ்போர் டெஸ்ட் எடுத்த அறிக்கையைக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். காதில் பேனாவால் புள்ளி வைத்ததும் கண்ணாடியில் பார்த்து, பிடிக்காவிட்டால் அழித்து மறுபடி வைக்கச் சொல்லுங்கள்.

நகை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்ற பெயரை நம்பி வாங்காதீர்கள், வழக்கமான 316எல் ஸ்டீலில் ஒவ்வாமை தரக்கூடிய நிக்கல் 10 சதவீதத்துக்கு மேல் உண்டு. ஏஎஸ்டிஎம் எஃப்136 தர (உடலுக்குள் பொருத்தும் மருத்துவத் தரம்) டைட்டானியம் கேளுங்கள்: 1.2 மி.மீ. தடிமன், சுமார் 8 மி.மீ. நீளக் கம்பி, பின்பக்கம் தட்டை. கம்பியின் வெளிப்பக்கம் மரை இருந்தால் மாட்டும்போதே புண்ணைக் கீறும். முதல் நகையாக வளையம் போட்டால் அது சுழன்று சுழன்று ஆறவிடாது. வீட்டில் இருக்கும் 22 காரட் தங்கம்? புதுப் புண்ணுக்கு ஆகாது. மிருதுவான உலோகம், கீறல் விழும், கீறலில் கிருமி தங்கும்.

பராமரிப்பு எளிது. 0.9 சதவீத ஸ்டெரைல் சலைன் (கிருமியற்ற உப்புநீர்) ஸ்பிரே, நாளுக்கு இரண்டு வேளை, பிறகு சுத்தமான பேப்பர் டவலால் ஒற்றி உலர்த்துங்கள். வீட்டில் உப்பு கரைத்தால் அளவு கூடிப்போய்த் தோல் வறளும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, டீ ட்ரீ ஆயில், மஞ்சள் எதுவும் வேண்டாம். தோட்டைத் திருகிவிடும் பழைய பழக்கத்தை விடுங்கள், திருகும் ஒவ்வொரு முறையும் ஆறிய தோல் கிழிகிறது. வெளிர்மஞ்சளாக உறையும் பக்கு சீழ் அல்ல, சலைனில் ஊறித் தானே உதிரட்டும்.

பெரும்பாலான கட்டிகள் இங்கேதான் தொடங்குகின்றன: வீக்கம் வடிந்த பிறகும் நீளக் கம்பியையே விட்டுவைப்பது. 4 முதல் 8 வாரத்தில் திரும்பிப்போய், 6 மி.மீ. அளவில் ஒன்று மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முடியில் சிக்கி, தலையணையில் அழுந்தி, துளை சாய்ந்து, ஓரத்தில் சிவந்த குமிழ் கிளம்பும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவே கூடாது. முடியாதென்றால் கழுத்தில் மாட்டும் பயணத் தலையணையை வாங்கி அதன் ஓட்டையில் காதை வையுங்கள். முழுதாக ஆற 6 முதல் 12 மாதம். மூன்றாம் மாதமே வலி போய்விடும். ஆறிவிட்டதென்று அப்போது நகை மாற்றுகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

உராய்வால் வந்த குமிழ் துளையை ஒட்டியே நிற்கும், காரணத்தை நீக்கினால் வற்றும். கீலாய்டு எனும் தழும்புக் கட்டி காயத்தின் எல்லை தாண்டி மாதக்கணக்கில் வளரும், தானாகப் போகாது. நம்மைப் போன்ற கருந்தோலினருக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் மேல்காதே வேண்டாம் என்பேன்.

கீழ்க்காது இயல்பாக இருக்க, மேல்மடல் முழுவதும் சிவந்து சுட்டு வலித்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். நகையை நீங்களாகக் கழற்றாதீர்கள். குருத்தெலும்பில் குத்தியது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்: தோல் புண்ணுக்கு வழக்கமாகத் தரும் ஆன்டிபயாடிக் மாத்திரைகள் பல சூடோமோனாஸிடம் வேலை செய்யாது.