பாதி அழுத்தினால் எது லாக் ஆகிறது?

கேள்வி: ஜன்னலை ஒட்டி நிற்பவரைப் படமெடுக்கும்போது நடுப்புள்ளியை முகத்தில் வைத்து, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்தபடியே கேமராவை நகர்த்தி எடுக்கிறேன். முகம் கூர்மையாக விழுந்தாலும் கறுத்துப்போகிறது. சில படங்களில் ஃபோகஸும் தவறுகிறது. பின்பக்கம் உள்ள ஏஇ-எல்/ஏஎஃப்-எல் பட்டனை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: ஃபோகஸ் லாக் (ஏஎஃப்-எல், கூர்மையை நிறுத்திவைப்பது) வேறு, எக்ஸ்போஷர் லாக் (ஏஇ-எல், படத்தில் விழும் ஒளியின் அளவை நிறுத்திவைப்பது) வேறு. பட்டனின் பெயரைப் பார்த்தால் உங்களுடையது நிக்கான். அதில் பாதி அழுத்தம் வழக்கமாக ஃபோகஸை மட்டுமே நிறுத்திவைக்கும். ஒளி அளவீடு படம் எடுக்கும் நொடிவரை ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் கேமராவை நகர்த்தியதும் ஜன்னல் வெளிச்சம் சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) வருகிறது. கேமரா எக்ஸ்போஷரைக் குறைத்துவிடுகிறது. முகம் கறுப்பது அதனால்தான். கேனனில் ஒன் ஷாட் ஃபோகஸும் எவாலுவேட்டிவ் அளவீடும் (சட்டம் முழுவதையும் பார்த்து ஒளியை அளப்பது) சேர்ந்திருந்தால், ஃபோகஸ் பிடித்ததும் எக்ஸ்போஷரும் லாக் ஆகும். நடுப்பகுதிக்கு அதிக மதிப்புத் தரும் சென்டர் வெயிட்டட் அளவீட்டுக்கு மாற்றினால் அப்படி ஆகாது.

உங்கள் கேமரா என்ன செய்கிறது என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அபெர்ச்சர் முன்னுரிமை மோடில் (லென்ஸ் துளையின் அளவை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா தேர்வது), ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஒரே எண்ணில் நிறுத்தி, இருட்டான ஒரு மூலையில் பாதி அழுத்துங்கள். விரலை எடுக்காமல் ஜன்னல் பக்கம் திருப்புங்கள். வியூஃபைண்டரில் ஷட்டர் வேகம் மாறினால் எக்ஸ்போஷர் லாக் ஆகவில்லை.

இனி அந்தப் பின்பக்க பட்டன். தொடக்க அமைப்பில் அது ஃபோகஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் சேர்த்தே லாக் செய்யும். இதில் ஒரு சங்கடம் உண்டு: கன்னத்தில் ஒளியை அளந்துவிட்டுக் கண்ணில் ஃபோகஸ் செய்ய முடியாது. ஆகவே அதை ‘ஏஇ லாக் மட்டும்’ என்று மாற்றிவிடுங்கள். பட்டன்களுக்கு வேலை ஒதுக்கும் பகுதி, மாடலைப் பொறுத்து செட்டப் மெனுவிலோ கஸ்டம் செட்டிங் மெனுவிலோ இருக்கும். அங்கேயே ‘ஏஇ லாக் ஹோல்ட்’ என்ற தேர்வும் உண்டு. அதில் ஒருமுறை அழுத்தினால் லாக், மறுமுறை அழுத்தினால் விடுதலை, கட்டைவிரலுக்கு ஓய்வு. கேனனில் இந்த வேலையைச் செய்வது நட்சத்திரக் குறியிட்ட பட்டன். அது சில நொடிதான் தாங்கும். அடுத்தடுத்துப் பல படங்கள் வேண்டுமென்றால் அழுத்திப் பிடித்தபடியே எடுக்க வேண்டும்.

ஜன்னலோரப் படத்துக்கு, ஒளி அளவீட்டை ஸ்பாட்டுக்கு (ஒரு சிறு புள்ளியில் மட்டும் அளப்பதற்கு) மாற்றுங்கள். நிக்கானில் நீங்கள் தேர்ந்த ஃபோகஸ் புள்ளி இருக்கும் இடத்தில்தான் ஸ்பாட் அளக்கும். பெரும்பாலான கேனன்களில் சட்டத்தின் நடுவில் மட்டுமே அளக்கும். 18-55 கிட் லென்ஸ் என்றால் அபெர்ச்சரை எஃப் 5.6 வைத்துவிடுங்கள், ஜூம் மாறினாலும் அது மாறாது. நெருங்கியோ ஜூம் செய்தோ முகத்தைப் பெரிதாக்கி, வெளிச்சம் சீராக விழும் கன்னத்தில் புள்ளியை வையுங்கள். பாதி அழுத்தி மீட்டரை எழுப்பி, ஏஇ-எல் பட்டனை அழுத்துங்கள். வியூஃபைண்டரில் ஏஇ-எல் என்ற குறி தெரிய வேண்டும். பட்டனை விடாமல் சட்டத்தை அமைத்து, புள்ளியைக் கண்ணுக்கு நகர்த்தி, ஷட்டரைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் குறியான வட்டப்புள்ளி நிலையாக எரிந்ததும் எடுங்கள். ஜூமை முன்பே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், ஏனென்றால் பல ஜூம் லென்ஸ்களில் ஜூம் மாறினால் ஃபோகஸும் நகரும்.

மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். மாநிறத்துக்கு அது ஏறக்குறையச் சரிவரும். வெளிர் நிறத் தோலுக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் (கேமரா அளந்த ஒளியை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 வரை கூட்டுங்கள், கருநிறத் தோலுக்கு −1 வரை குறையுங்கள். லாக் செய்வதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. ஜன்னலுக்கு வெளியே உள்ள காட்சி வெளுத்துத்தான் போகும். இரண்டும் தெரிய வேண்டுமானால் லாக் போதாது. முகத்துக்கு ஃபிளாஷோ ரிஃப்ளெக்டரோ வேண்டும்.

ஃபோகஸ் தவறுவதற்கு முதலில் மோடைப் பாருங்கள். ஏஎஃப்-எஸ் (ஒருமுறை ஃபோகஸ்) மோடில்தான் பாதி அழுத்தம் ஃபோகஸை நிறுத்தும். ஏஎஃப்-சியில் (தொடர் ஃபோகஸ்) கேமரா விடாமல் தேடும். நீங்கள் நகர்த்தியதும் பின்னாலுள்ள சுவரைப் பிடித்துக்கொள்ளும். ஏஎஃப்-ஏ இரண்டுக்கும் நடுவில் தானாக மாறும். இந்த வேலைக்கு அதை நம்ப வேண்டாம். கேனனில் இவை ஒன் ஷாட், ஏஐ சர்வோ, ஏஐ ஃபோகஸ்.

மோடு சரியாக இருந்தும் கண் மங்கினால், காரணம் நகர்த்தும் அந்த அசைவேதான். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, ஆள் 1 மீட்டர் தூரம் என்று கொள்வோம். ஏபிஎஸ்-சி சென்சாரில் (முழு ஃபிரேமைவிடச் சிறியது) கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமே 2.5 செ.மீ. சொச்சம்தான். ஃபோகஸ் செய்தபின் கேமராவை 10 டிகிரி திருப்பினால் கூர்மைத் தளம் சுமார் 1.5 செ.மீ. பின்னால் போகிறது. கண் மங்கி, காதோர முடி பளிச்சென்று தெரிவது அதனால்தான். அண்மைப் படங்களில் திறந்த அபெர்ச்சரில் நகர்த்தாதீர்கள். கண்ணுக்கு மிக அருகிலுள்ள புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். 3 மீட்டருக்கு அப்பால், எஃப் 5.6 போன்ற அளவில், தாராளமாக நகர்த்தலாம்.

ஓடுகிற குழந்தை, பறவை என்று எடுப்பவர்கள் அதே பின்பட்டனை ஏஎஃப்-ஆன் (ஃபோகஸைத் தொடங்கும் பட்டன்) ஆக்கிக்கொள்ளலாம். ஏஎஃப்-சியில் அழுத்தியிருக்கும்வரை ஃபோகஸ் தொடரும், விரலை எடுத்தால் அங்கேயே நிற்கும். ஆனால் கேமராவை வேறொருவர் கையில் கொடுக்கும் முன் பழையபடி மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஷட்டரை மட்டும் அழுத்தி எல்லாப் படத்தையும் மங்கலாகத் தருவார்.

அதே ஜன்னல், அதே வெளிச்சம், முப்பது படம் என்றால் ஒவ்வொன்றுக்கும் லாக் போடுவது வீண் வேலை. கன்னத்தில் அளந்த ஷட்டர் வேகத்தையும் அபெர்ச்சரையும் மேனுவல் மோடில் இட்டுவிடுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவை மறக்காமல் அணையுங்கள். அது இயங்கினால் மேனுவலிலும் ஜன்னலைக் கண்டதும் ஐஎஸ்ஓ இறங்கி, முகம் மறுபடி கறுத்துவிடும்.