தலை ஸ்கேன் சரி, கழுத்தைப் பார்த்தார்களா?

கேள்வி: வயது 43, தையல் வேலை செய்கிறேன். சில மாதங்களாகப் பிடரியில் ஆரம்பித்து உச்சந்தலை வரை சுளீர் சுளீர் என்று வலி. தலை சீவினால்கூட வலிக்கிறது. தலையை ஸ்கேன் எடுத்ததில் ஒன்றும் இல்லை என்றார்கள். இப்போது ஊசியில் நூல் கோக்கவும் விரல்கள் தடுமாறுகின்றன. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: இருக்கலாம். தலைவலியைவிட அந்த ஊசி நூல் விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பிடரிக்கு உணர்வு தரும் ஆக்ஸிபிடல் நரம்பு, கழுத்தின் மேல்பகுதியில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் இரண்டாவது நரம்பின் கிளை. அதை ஏதாவது உறுத்தினால் இப்படித்தான் சுளீர் என்று இழுக்கும். குனிந்தே வேலை செய்பவர்களுக்குக் கழுத்துத் தசை இறுகுவதாலும் வரலாம். அது மட்டும் என்றால் நானும் மாத்திரையோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அந்த நரம்பு கைக்குப் போவதே இல்லை. பிடரியில் வலி, விரலில் தடுமாற்றம் என்றால் கழுத்துத் தண்டுவடத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

டிஸ்க் பிதுங்கி அழுத்தலாம். கட்டி இருக்கலாம். முடக்குவாதமோ காசநோயோ கழுத்தின் மேல் மூட்டைத் தளரவைத்திருக்கலாம். கியாரி என்றொரு பிரச்சினையும் உண்டு. சிறுமூளையின் அடிநுனி மண்டையோட்டுத் துளை வழியாக, வழக்கமாக 5 மி.மீ. அல்லது அதற்கு மேல், கீழே இறங்கியிருக்கும். இருமினால், தும்மினால், முக்கினால் பிடரி வலிக்கும். சிலருக்குத் தண்டுவடத்துக்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளும்; அப்போது கையில் சூடு பட்டாலும் தெரியாது. உங்களுக்கு அப்படி ஏதாவது உண்டா, யோசித்துப் பாருங்கள்.

தலைக்கு மட்டும் எடுத்த ஸ்கேனில் இவற்றில் பல தெரியாமல் போகும். நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, மண்டையும் கழுத்தும் சேருமிடம் தெரியும்படி கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். என் கணிப்பில், தேவை.

நரம்பு மட்டும் என்றால் மரத்துப்போகும் ஊசியும், நரம்பு வலியைத் தணிக்கும் காபாபென்டின் போன்ற மாத்திரையும் பெரும்பாலும் போதும். தண்டுவடம் அழுத்தப்பட்டிருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். தள்ளிப்போட்டால் கை பழையபடி திரும்பாமல் போகலாம்.

அதுவரை சலூனில் கழுத்தைச் சொடுக்கு எடுக்க விடாதீர்கள். சுளுக்கு வழிப்பவரிடமும் போக வேண்டாம். நடை தள்ளாடினாலோ, சிறுநீர் அடக்க முடியாமலோ வராமலோ போனாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.