தட்டை யார் எடுப்பது?

அன்புள்ள சார்,

ஆறேழு வருடங்களாக உங்களை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகன், மூன்றாவது படிக்கும் மகள், என் அம்மா. ஞாயிற்றுக்கிழமை என்றால் முக்கொம்பு, இல்லையென்றால் கல்லணை. அம்மா புளிசாதம் கிளறுவார், மனைவி உருளைக்கிழங்கு வறுப்பாள். மாதம் ஒருமுறை பரோட்டா கடை. இந்த மே மாதம் முதல்முறையாகக் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய் வந்தோம். திருச்சியிலிருந்து நேரடி விமானம், நான்கு இரவுகள். அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று மனைவி சின்ன ரைஸ் குக்கர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். காலையில் ஹோட்டல் அறையிலேயே சாதம் வைத்துவிடுவாள்.

பிள்ளைகளுக்கு மெர்லயன் சிலையைவிட எம்.ஆர்.டி. ரயிலும், லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சென்டர் உணவங்காடியும்தான் பிடித்திருந்தன. தேக்காவில் சாப்பிட்டு முடித்ததும் என் மகன் யாரும் சொல்லாமலே எல்லாருடைய தட்டையும் தூக்கிக்கொண்டு போய் வைத்தான். பக்கத்து மேஜைப் பெரியவர் பாராட்டினார், எனக்குப் பெருமையாக இருந்தது. ஊருக்கு வந்த மறுநாளே பழைய குருடி கதவைத் திறடி. தட்டு மேஜையிலேயே கிடக்கிறது. அவன் அம்மா எடுத்துவிடுவாள்.

மொத்தம் இரண்டரை லட்சம் ஆயிற்று. சொந்தக்காரர்கள் வீண்செலவு என்கிறார்கள். சொந்த நாட்டையே சுற்றிப் பார்க்காமல் வெளிநாடு எதற்கு என்கிறார் அண்ணன். அடுத்த வருடம் மலேசியாவில் இருக்கும் பினாங்கு போகலாம் என்கிறார்கள் பிள்ளைகள். போகலாமா? அப்புறம், பயணக் கட்டுரை எழுத ஆசை. எப்படித் தொடங்குவது?

ர., திருவெறும்பூர்

*

அன்புள்ள ர.,

கடன் வாங்காமல் போயிருந்தால் வீண்செலவு இல்லை. கடன் வாங்கியிருந்தால் அதை அடைத்துவிட்டு அடுத்த பயணத்தைப் பற்றிப் பேசுங்கள். அண்ணன் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடத்தில் வாராவாரம் பிள்ளைகளை உட்காரவைத்துச் சோறு போடுகிறவரிடம் சொந்த நாட்டைப் பார் என்று சொல்ல ஒன்றுமில்லை. கட்டுரையை இந்தக் கடிதத்தை எழுதியது போலவே எழுதுங்கள், போதும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்களை அறியாமல் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரிக்காக. "அவன் அம்மா எடுத்துவிடுவாள்." இந்த எச்சில் தட்டு விஷயம் கொஞ்ச நாளாகவே என் மனதில் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கிறது. போன தை மாதம் ஒரு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். நன்றாகப் படித்த, நல்ல வேலையில் இருக்கிற மனிதர். சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்த இடத்திலேயே செம்புத் தண்ணீரைச் சாய்த்துத் தட்டிலேயே கை கழுவினார். மிச்சமிருந்த ரசமும் சோறும் அவர் கை அழுக்கும் ஒன்றாகக் கலந்து தட்டின் விளிம்புவரை நின்றன. அவர் எழுந்து போய்விட்டார். அவருடைய மனைவி அதைச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து உள்ளே போனார். அன்று அந்த வீட்டில் எனக்கு இரண்டாவது கவளம் இறங்கவில்லை.

எனக்கு ஏன் அப்படி ஆகிறது என்று சொல்கிறேன். 1979 கோடை விடுமுறையில் எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு வேலை போயிருந்த சமயம். கும்பகோணத்தில் அத்தை வீட்டுக்காரர் ஒரு மெஸ் வைத்திருந்தார், வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று என்னை அங்கே அனுப்பினார்கள். இலை எடுக்கிற வேலை. மதியம் பதினொன்றரைக்குத் தொடங்கினால் மூன்று மணிவரை நிமிர முடியாது. ஒரு கையில் மூங்கில் கூடை, ஒரு கையில் ஈரத்துணி. இலையை மடித்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அதை அப்படியே எடுத்துக் கூடையில் போட்டுவிடலாம். திறந்தபடி விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மோர் ஓடி மேஜை விளிம்பில் சொட்டிக்கொண்டிருக்கும், அது என் கால்சட்டையில் வடியும். பீடித் துண்டை இலையில் அணைத்துவிட்டுப் போவார்கள். இலையிலேயே கை கழுவுவார்கள், காறி உமிழ்கிறவர்களும் உண்டு. சாப்பிடுகிறவரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை, அவர் எழுந்த பிறகுதானே நான் போவேன். ஆனால் இலையைப் பார்த்தே வாடிக்கையாளர்களைத் தெரிந்துவைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்த ஒருவர் முருங்கைச் சக்கையை ஓரமாகச் சேர்த்துவைத்து, இலையை மடித்து, அதன்மேல் தம்ளரைக் கவிழ்த்து வைப்பார். அவர் உட்கார்ந்த மேஜைக்கு ஓடிப் போவேன். இன்றைக்கும் எந்த ஊரில் சாப்பிட்டாலும் தம்ளரைக் கவிழ்த்துத்தான் வைக்கிறேன்.

சரி, தேக்காவுக்கு வருகிறேன். அங்கே உங்கள் மகன் யாரும் சொல்லாமல் தட்டை எடுத்தான் என்கிறீர்கள். யாரும் சொல்லாமல் இல்லை. சுவரில் எழுதியிருக்கும், சுற்றியிருந்த எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்திருப்பார்கள். 2021 செப்டம்பர் முதல் அங்குள்ள ஹாக்கர் சென்டர்களில், அதாவது தேக்கா போல ஒரே கூரையின் கீழ் பல சிறு சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் இடங்களில், சாப்பிட்டவரே தட்டையும் குப்பையையும் எடுத்துவைக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். சொல்லியும் கேட்காதவருக்கு முதலில் எழுத்து மூலம் எச்சரிக்கை, மறுபடி செய்தால் அபராதம். அதற்கு முன்னால் பல வருடங்கள் பிரசாரம் செய்து பார்த்தார்கள், பெரிதாகப் பலிக்கவில்லை. அந்த மேஜைகளைத் துடைத்துக்கொண்டு நிற்பவர்களில் பலர் எழுபதைத் தொட்ட முதியவர்கள். நான் முதல்முறை போனபோது நடுங்குகிற கையோடு ஒரு சீனப் பாட்டி என் முன்னால் கிடந்த கிண்ணங்களை அடுக்கினார். சட்டென்று எழுந்து நானே எடுக்கப் போனேன், அவர் விடவில்லை. அப்போது அதுதான் அங்கே வழக்கம். இப்போது ஹலால் தட்டுகளுக்குத் தனி இடம், மற்றவற்றுக்குத் தனி இடம் என்று பிரித்துவைத்திருக்கிறார்கள், உங்கள் பையன் அதையும் பார்த்து வைத்திருப்பான்.

அந்த ஊரும் பிறக்கும்போதே இப்படி இருந்ததில்லை. 1968, 69 வாக்கில் தெருவோரத்தில் விற்றுக்கொண்டிருந்த பதினெட்டாயிரம் பேருக்குமேல் கணக்கெடுத்துப் பதிவு செய்து, குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் உள்ள கட்டடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். அந்த வேலை முடிய 1986 ஆயிற்று. நீங்கள் சாப்பிட்ட தேக்கா கட்டடம் 1982இல் வந்தது. 2020இல் யுனெஸ்கோ இந்த ஹாக்கர் பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தது. பிரியாணிக்கும் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸுக்கும் மட்டுமாக அது கிடைக்கவில்லை. யார் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதற்கும் சேர்த்துத்தான்.

நம் ஊரில் தன் எச்சிலைத் தானே எடுப்பது ஏன் இவ்வளவு கௌரவக் குறைச்சலாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? எங்கள் கிராமத்து டீக்கடையில் இரண்டு விதமான தம்ளர்கள் இருந்தன. சேரியிலிருந்து வருகிறவர்களின் தம்ளர் வெளியே கூரையில் செருகியிருக்கும். குடித்துவிட்டு அவர்களே கழுவிச் செருகிவிட்டுப் போக வேண்டும். மற்றவர்கள் குடித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள். தன் தம்ளரைத் தானே கழுவுகிறவன் கீழே இருப்பவன் என்று ஒரு ஊரே சிறுபிள்ளைகளின் கண்ணெதிரே தினமும் இரண்டு வேளை சொல்லிக்கொடுத்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் வீட்டில் உட்கார்ந்த இடத்திலேயே கை கழுவுகிறார்கள். கடையில் இன்னொரு சாதிக்காரர் தலையில் வைத்ததை வீட்டில் பெண்டாட்டி தலையில் வைக்கிறார்கள். தேக்காவில் உங்கள் பிள்ளைக்குக் கூச்சம் வரவில்லை, ஏனென்றால் அங்கே கோட்டு போட்டவரும் எடுக்கிறார், கட்டட வேலைக்கு வந்த நம் ஊர்ப் பையனும் எடுக்கிறான். வீட்டில் அவன் யாரைப் பார்க்கிறான்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மகன் எல்லாருடைய தட்டையும் எடுத்தான் என்று இருக்கிறது. எல்லாருடைய என்றால் உங்களுடையதும்தானே? பதின்மூன்று வயதுப் பிள்ளை ஐந்து பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறான், நீங்கள் உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். ஊரில் தட்டு மேஜையிலேயே கிடக்கிறது என்று அவனைக் குறை சொல்கிறீர்கள். உங்கள் தட்டு எங்கே கிடக்கிறது ஐயா?

இன்னொன்று, அந்த குக்கர். அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது எனக்குப் புரிகிறது, வயதானவர்கள் வயிற்றோடு விளையாட முடியாது. ஆனால் நான்கு நாளும் உங்களுக்கெல்லாம் முன்னால் எழுந்து, குளியலறைக் குழாயில் அரிசி கழுவி, அறைக்குள் வாசம் பரவிவிடுமோ, யாராவது கதவைத் தட்டிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே உங்கள் மனைவி சாதம் வைத்திருக்கிறார். பல ஹோட்டல்களில் அறைக்குள் சமைக்கவே கூடாது. இத்தனைக்கும் அதே தேக்காவிலும், சிராங்கூன் சாலை நெடுகவும் இட்லி, தோசை, தயிர்சாதம் எல்லாம் கிடைக்கும். முதல் நாள் அம்மாவை அங்கே கூட்டிப்போய் ஒரு இட்லி வாங்கிக் கொடுத்துப் பார்த்திருக்கலாம். பார்த்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. பிள்ளைகளுக்கு எது பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவிக்கு அந்த ஊரில் எது பிடித்தது? அம்மாவுக்கு? அதுவும் இல்லை. இரண்டரை லட்சம் செலவழித்து ஐந்து பேர் போயிருக்கிறீர்கள், கடிதத்துக்கு மூன்று பேர்தான் வந்திருக்கிறார்கள்.

இவ்வளவு கடுமையாக எழுதுவது உங்களை நல்லவர் என்று நம்புவதால்தான். அம்மாவை விட்டுவிட்டுப் போகாமல் விமானம் ஏற்றிக் கூட்டிப்போன பிள்ளை நீங்கள். வாராவாரம் குடும்பத்தை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகிற அப்பாக்கள் எத்தனை பேர்? என் அப்பா ஒருமுறைகூடக் கூட்டிப்போனதில்லை. கும்பகோணத்திலிருந்து நான் திரும்பி வந்த அன்று ராத்திரி, சாப்பிட்டதும் பழக்கத்தில் அவர் தட்டையும் சேர்த்து எடுத்துவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்துத் தடுத்தாள். "நீ எடுக்காதடா, நீ இனிமே எடுக்க வேண்டாம்" என்று அழுதாள். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து, என் கையிலிருந்து இரண்டு தட்டையும் வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அவர் தட்டு கழுவி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். இருட்டில் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

பினாங்கு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள். அங்குள்ள ஜார்ஜ் டவுன் நகரின் பழைய தெருக்களை மெதுவாக நடந்தே பார்க்கலாம், குயின் தெருவில் 1833இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, அம்மாவுக்குப் பிடிக்கும். நாசி கந்தார் நம் ஊர் முஸ்லிம்கள் கொண்டுபோன சாப்பாடு, ஒரு காலத்தில் காவடிபோலத் தோளில் கம்பு வைத்து இருபுறமும் பானைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு போய் விற்றது, பையனுக்கு வாங்கிக் கொடுங்கள். அங்கேயும் லிட்டில் இந்தியாவில் அம்மாவுக்கு இட்லி கிடைக்கும். குக்கரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அதற்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. வருகிற ஞாயிறு முக்கொம்புதானே? புளிசாதத்தை முதலில் அம்மாவுக்கும் மனைவிக்கும் போட்டுக் கொடுங்கள். முடிந்ததும் தட்டுகளை நீங்கள் எடுங்கள், மகனைக் கூப்பிடாதீர்கள். அவன் எழுந்து வந்தானா என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.