கம்பி அறுந்தால், தாளம் நழுவினால்: மரியாச்சி வகுப்புக் கேள்வி பதில்

மெக்சிக்கோ வம்சாவளிப் பிள்ளைகளுக்காக அமெரிக்கப் பள்ளிகளிலும் சமூகக் கூடங்களிலும் நடக்கும் மரியாச்சி (மெக்சிக்கோவின் நாட்டுப்புறக் குழு இசை) வகுப்புகள் பற்றி வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களில் தன்னார்வலர்களும் உண்டு, பிள்ளையைச் சேர்த்துவிட்டு விழிக்கும் பெற்றோரும் உண்டு.

மரியாச்சி என்றால் உணவகத்தில் பெரிய தொப்பி போட்டுப் பாடுகிறவர்கள்தானே? இதில் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?

தொப்பி கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். மேற்கு மெக்சிக்கோவில், ஹலிஸ்கோ வட்டாரத்துக் கிராமங்களில் வளர்ந்த இசை இது. 2011-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. அமெரிக்காவில் யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்) மாணவர்கள் 1961-லேயே ஒரு குழு வைத்திருந்தார்கள். 1964-ல் அரிசோனாவின் டூசான் நகரில் பாதிரியார் சார்லஸ் ரோர்க் சிறுவர் குழு ஒன்றைத் தொடங்கினார். பெயர் 'லோஸ் சாங்கித்தோஸ் ஃபெயோஸ்', அதாவது 'அசிங்கமான குட்டிக் குரங்குகள்'. கச்சேரிப் பணம் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்குப் போனது. அதில் வளர்ந்தவர்கள் 1971-ல் மரியாச்சி கோப்ரே என்ற தொழில்முறைக் குழுவை அமைத்தார்கள். தாத்தா வீட்டுக் கல்யாணத்தில் கேட்ட பாட்டைத் தன் கையால் வாசிக்க வருகிறது, அதே கை நாளைக்குச் சம்பாதித்தும் தரும்.

பதினாறு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். எந்தக் கருவி எத்தனை வாங்குவது?

வயலின் 7 அல்லது 8, டிரம்பெட் 2, விவேலா 2, கிட்டார் 2, கிட்டாரோன் 1. மிச்சமுள்ள ஓரிருவரைக் கிட்டாரோனுக்கே போடுங்கள், ஒன்றை மாற்றி மாற்றி வாசிக்கட்டும். விவேலா என்பது முதுகு புடைத்த, ஐந்து கம்பிச் சிறு கிட்டார். கிட்டாரோன் அதே உருவில் பெரியது, ஆறு கம்பி, ஃப்ரெட் (கழுத்தில் சுர இடம் காட்டும் உலோகக் கட்டு) கிடையாது, குழுவுக்கு அதுதான் அடித்தளம். இந்த மூன்று தந்திக் கருவிகளையும் சேர்த்து 'ஆர்மோனியா' என்பார்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் டிரம்பெட்தான் வேண்டும். விட்டுக்கொடுத்தால் மூன்றாம் மாதம் இரைச்சல்தான் மிஞ்சும். காசு குறைவென்றால் ஆர்மோனியாவை முதலில் வாங்குங்கள். வயலினும் டிரம்பெட்டும் பெரும்பாலும் பள்ளி இசைக்குழு அலமாரியிலேயே இரவல் கிடைக்கும், கிட்டாரோன் கிடைக்காது.

அண்ணா, விவேலாவில் மூன்றாம் கம்பி வாரத்துக்கு ஒன்று அறுகிறது. டியூனர் வைத்துச் சரியாகத்தான் சேர்க்கிறேன்.

எந்தக் கம்பி போட்டீர்கள் என்று பாருங்கள். கிட்டார் கம்பி என்றால் அறுந்தே தீரும். சுரங்களின் பெயர் கிட்டாரின் கீழ் ஐந்து கம்பிகளுக்கு உள்ளதுதான்: ஏ, டி, ஜி, பி, இ. ஆனால் ஏ, டி, ஜி மூன்றும் விவேலாவில் ஒரு ஸ்தாயி மேலே. கருவியின் தலையில் கவ்வும் டியூனர் 'ஜி' என்று மட்டும் காட்டும், எந்த ஸ்தாயி ஜி என்று பெரும்பாலும் சொல்லாது. ஹெர்ட்ஸ் காட்டும் செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாம் கம்பியிலிருந்து முதல் கம்பி வரை 220, 293.7, 392, 246.9, 329.6 வர வேண்டும். காதுக்கு ஒரு சோதனை: ஐந்தில் மூன்றாம் கம்பி ஜிதான் உச்சம். முதல் கம்பி உச்சமாகக் கேட்டால் யாரோ கிட்டார் போலச் சேர்த்துவிட்டார்கள். விவேலா கம்பியை அப்படித் தாழ்த்தினால் அறாது, துணி உலர்த்தும் கயிறு மாதிரி தொங்கி மொத்தென்று ஒலிக்கும்.

கிட்டாரோன் வாசிக்கிற பையனுக்கு விரல் கொப்புளித்துவிட்டது. சத்தமும் வரவில்லை.

அடிக்கிறான், இழுக்கவில்லை. கிட்டாரோனில் ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து இழுக்க வேண்டும்: தடித்த கம்பியைக் கட்டைவிரல், இன்னொன்றை ஆள்காட்டி விரலோ நடுவிரலோ கிள்ளுவது போலப் பிடித்து ஒரே நேரத்தில் விட வேண்டும். ஓங்கித் தட்டினால் கம்பி மரத்தில் மோதும், விரலும் போகும்.

முதல் வாரம் 'ஏ' மட்டும் போதும். ஆறாம் கம்பியும் முதல் கம்பியும் திறந்தபடியே ஏ, இடது கைக்கு வேலையே இல்லை. அடுத்து 'இ': இரண்டாம் கம்பி திறந்து, ஐந்தாம் கம்பியில் இரண்டாம் இடம். பிறகு 'டி': ஐந்தாம் கம்பி திறந்து, மூன்றாம் கம்பியில் இரண்டாம் இடம். இந்த மூன்றும் வந்தால் ஏ மேஜரில் பல ரஞ்செரா (மெக்சிக்கோ நாட்டுப்புற வகை) பாட்டுகளுக்கு வாசித்துவிடலாம். ஃப்ரெட் இல்லாததால் கழுத்தின் பக்கவாட்டில் சிறு டேப் ஒட்டிக் குறி வையுங்கள். ஒரு மூச்சில் 15 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். தாழ்ந்த ஏ 55 ஹெர்ட்ஸ், அதைப் போன் சரியாகப் பிடிக்காது. முதல் கம்பியை 110-ல் சேர்த்து ஆறாவதைக் காதால் அதனுடன் சேருங்கள்.

'சோன்' பாட்டு வந்தால் மொத்தக் குழுவும் தாளத்தைத் தொலைக்கிறது.

தொலைக்காவிட்டால்தான் ஆச்சரியம். சோன் என்பது மரியாச்சியின் பழைய ஆட்டப்பாட்டு வகை. ஹலிஸ்கோ சோனில் 6/8-ம் 3/4-ம் மாறி மாறி வரும், சில இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகவும் வரும். நமக்கு விளங்கிக்கொள்வது சுலபம்: ஆறு அட்சரத்தை ஒரு தரம் 'தகிட தகிட' என்று, அடுத்த தரம் 'தக தக தக' என்று சொல்லுங்கள். அட்சர வேகம் மாறக் கூடாது, அழுத்தம் விழும் இடம்தான் மாறுகிறது. பிள்ளைகள் 3/4 வந்ததும் வேகத்தைக் குறைப்பார்கள், கோளாறு அங்கேதான். பத்து நிமிடம் கருவியில்லாமல், காலால் ஆறையும் மிதித்துக் கையால் அழுத்தத்தை மட்டும் தட்டச் செய்யுங்கள். பிறகு விவேலாக்காரர்கள் கம்பிகளை இடக்கையால் அமுக்கி, ஒலி வராமல், வலக்கையின் மேல்-கீழ் வீச்சை மட்டும் பழகட்டும். இந்த வீச்சு முறைக்கு 'மானிக்கோ' என்று பெயர். சுரம் சேர்ப்பது அதற்குப் பிறகு.

பாதிப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் வராது. பாட வைப்பது சரியா?

சரிதான், ஆனால் கேலி நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷ் தடுமாறும் பிள்ளைகளை 'நோ சாபோ' என்று சொந்த உறவினரே சீண்டுவார்கள். 'தெரியாது' என்பதற்கு 'நோ சே' என்று சொல்லாமல் 'நோ சாபோ' என்று தப்பாகச் சொல்வதிலிருந்து வந்த பட்டப்பெயர். வகுப்பில் திருத்த வேண்டியது முதலில் உயிரெழுத்துதான். ஆங்கிலப் பழக்கத்தில் 'ஓ'வை 'ஓஉ' என்று இழுப்பார்கள், அந்த வாலை வெட்டினாலே பாதிப் பாட்டு தெளியும். ஒரு வகுப்புக்கு நான்கு வரி போதும். படித்து, பொருள் கேட்டு, பிறகு பாடட்டும். வீட்டுப்பாடமாக ஒரு வரியின் பொருளைப் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். எந்த வரிக்கும் அகராதி தராத விளக்கம் ஒன்று வரும்.

மகள் நான்கு வருடம் கர்நாடக வயலின். பள்ளி மரியாச்சியில் சேர்ந்தாள். அதே வயலினை வைத்துச் சமாளிக்கலாமா?

வேண்டாம் அக்கா. ச-ப-ச-ப சுருதியிலிருந்து ஜி-டி-ஏ-இ-க்குத் தினமும் மாற்றினால் பிரடை நழுவும், குதிரை சாயும், இ கம்பி போகும். இரண்டாவது வயலின் பள்ளியிலேயே கேளுங்கள். பெரிய சிக்கல் பிடிப்பில்: உட்கார்ந்து பாதத்தில் ஊன்றி வாசித்தவளுக்கு, நின்றபடி தோளில் வைத்தால் இடது கை கருவியைத் தாங்கப் பார்க்கும். வயலினுக்கு அடியில் மாட்டும் 'ஷோல்டர் ரெஸ்ட்' வாங்கிக் கொடுங்கள். கமகமும் தானாக வந்து விழும். ஏழு வயலின் ஒரே வரியை வாசிக்கும்போது ஒருத்தி மட்டும் வழுக்கினால் குழுவே சுருதி விலகியதாகக் கேட்கும். மற்றபடி, கேட்டு மனப்பாடம் செய்யும் பழக்கம் இருப்பதால் அவள்தான் அங்கே முன்னே நிற்பாள். வயலினை இறக்கிவிட்டுப் பாடவும் வேண்டியிருக்கும், சொல்லி வையுங்கள்.

எங்கள் பகுதியில் போர்ட்டோ ரிக்கோ பிள்ளைகளே அதிகம். மரியாச்சி பொருந்துமா?

கட்டாயம் இல்லை. 'லத்தீன்' என்று ஒரே சட்டியில் போட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு ஊரார் உடைதான் கிடைக்கும். அவர்களுக்கு பொம்பா, ப்ளேனா என்ற சொந்தப் பறையிசைகள் உண்டு. நியூயார்க்கில் 1983-ல் தொடங்கிய லோஸ் ப்ளெனேரோஸ் டெ லா 21 குழு இதைக் கற்பிக்கிறது. பொம்பாவில் ஆடுபவர்தான் தலைமை. அவர் அசைவைப் பார்த்து 'ப்ரிமோ' என்ற முதன்மைப் பறை பதில் சொல்லும். ப்ளேனாவுக்கு மூன்று அளவில் கைப்பறைகள் இருந்தால் தொடங்கிவிடலாம், கிட்டாரோன் செலவும் இல்லை.

உடை?

முதல் வருடம் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கழுத்தில் 'மோன்யோ' டை. முழுச் சார்ரோ (மெக்சிக்கோ குதிரைவீரர்) உடை மூன்று கச்சேரிக்குப் பிறகு. பிள்ளைகள் வளர்வார்கள், ஆகவே விளிம்பில் இரண்டு அங்குலம் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள்.

கிட்டாரோனைக் காரிலேயே வைத்துவிட்டுப் போகலாமா? தூக்க முடியவில்லை.

கூடாது. மேல்பலகை மிக மெல்லிய மரம். அரிசோனா வெயிலில் பூட்டிய காருக்குள் பசை இளகிப் பாலம் எழும்பிவிடும், பிறகு ஏசி அறையின் வறட்சியில் பலகை வெடிக்கும். பள்ளியிலேயே பூட்டி, பெட்டிக்குள் துளையிட்ட டப்பாவில் ஈரப் பஞ்சு வையுங்கள்.